பொருள்: மீட்டுத் தரக் கோருதல்

நம்புதவங்க இருங்க, நம்பாதவங்க எந்திரிச்சுப் போயி உங்க சோலியைப் பாருங்க, ஏன்னா நடுவுல நிறுத்தி இதெல்லாம் எப்படி நடக்கும்னு கேட்டா எனக்குக் கோவம் வந்துரும். எப்படி நடந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, கீழஅளத்துல ஒருத்தருக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கிடணும்னு அங்க யாரும் மெனக்கெடவும் இல்ல. நடந்ததைச் சொல்லுதேன். அதுல என் கையும் இருக்கு, அதனாலதான் சொல்லுதேன்.

கீழஅளம்னா உப்பளத்தை ஒட்டி இருபத்திரெண்டு வீடு, சுவரோட சுவர் ஒட்டி ஒரே லைன். அதுல ஏழாவது வீடு சந்தனமாரியோடது, எனக்கு முறைக்கு மயினி, அண்ணின்னு வச்சுக்கிடுங்க. புருசன் போனபிறகு உப்பு வாரியே ஒத்தைப் பிள்ளையை வளத்தா. அந்தப் பிள்ளைதான் பேச்சி. கட்டிக்கொடுத்த எடத்துல ரெண்டு வருசம்கூட வாழவிடல, திரும்பி வந்து அம்மாவோட அளத்துக்குப் போயிட்டிருந்தவளை, கனகவேலுன்னு ஒரு ஏஜெண்ட், வளைகுடாவுல வீட்டு வேலை, ராணி மாதிரி இருக்கலாம்னு சொல்லி பிளேன் ஏத்திவிட்டான். அங்க போயி மூணாம் மாசம் அவ போன் பண்ணி, அம்மா, என் சம்பளத்துல ஒரு பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கு, வீடியோ கால்ல நான் அதுல பெருசாத் தெரிவேன்னு சொன்னா. மயினி வாங்கினா. லைன்லயே பெரிய டிவி அதுதான், சாயங்காலம் சீரியலுக்கு பாதி லைன் அந்த வீட்லதான் கிடக்கும். நாலாம் மாசத்துலேர்ந்து பேச்சி போன் வரல. நாம அடிச்சா சுவிட்ச் ஆஃப். ஏஜெண்டைக் கேட்டா, அங்க வேலை நேரத்துல போனை வாங்கி வச்சுக்கிடுவாங்க, பெரிய வீடு, கவலைப்படாதீங்கம்பான்.

நான் தங்கபுஷ்பம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு கம்ப்யூட்டர். வருமானச் சான்றிதழ், முதியோர் பென்சன், பட்டா மாத்துதது, எந்த மனுன்னாலும் நான்தான் ஏத்துவேன். எங்க தொழில்ல மனு எழுதுதோம்னு சொல்லமாட்டோம், ஏத்துதோம்போம். ஏத்தினதும் பச்சை டிக் வந்தா எடுத்துக்கிச்சும்போம், சிவப்பு வந்தா எடுக்கலம்போம். அம்புட்டுதான் தொழில். பதினோரு வருசத்துல ஒரு கட்டத்துலயும் பொய்யா ஒரு நம்பர் போட்டதில்லன்னு எனக்கு ஒரு திமிரு உண்டு, அந்தத் திமிரையும் ஞாபகம் வச்சுக்கிடுங்க.

வைகாசியில ஒரு சாயங்காலம் வெறும் இடி, மழையே இல்ல, இடிச்ச இடியில லைன்ல நாலு பல்பு போச்சு, மயினி வீட்டு டிவி மாட்டிக்கிச்சு. போட்டா கம்பெனிக்காரன் பேரு வரும், அணையும், மறுபடி பேரு வரும், அணையும். ஒரு வாரம் இப்படியே கிடந்துச்சு. எட்டாம் நாள் மத்தியானம் மயினி அளத்துலேர்ந்து வந்து, காலைக்கூடக் கழுவாம, ஒரு நப்பாசையில சுவிட்சைப் போட்டிருக்கா. பேரு வந்துச்சு, அணைஞ்சுச்சு, அப்புறம் ஒரு அடுப்படி வந்துச்சு. வெள்ளை டைல்ஸ், ஆள் உசரத்துக்கு ஃபிரிட்ஜ், நாலு பேர் படுக்கலாங்கிற மாதிரி ஒரு கல்லு மேடை, அதுக்கு முன்னால நீலக் கவுன் போட்டுக்கிட்டு பேச்சி நின்னு பாத்திரம் கழுவுதா.

சத்தம் வரல. பேச்சின்னு பேரு வச்ச பிள்ளை வாயைத் திறந்து பாடுதா, பாட்டு கேக்கல. ரிமோட்டை அமுக்கினா ஒன்னும் ஆகல. மயினி கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, பக்கத்து வீட்டு ராசகனியைக் கூப்பிட்டு, எம்மவ தெரியுதாட்டின்னு சொன்னா. ராசகனி வந்து பாத்துட்டு, மெலிஞ்சிட்டால்லா அத்தைன்னு சொன்னா. அவ்வளவுதான் அதிசயப்பட்டது. ஸ்மார்ட் டிவின்னா சும்மாவா, இதுக்குத்தானே இம்புட்டு வெலைன்னு லைன்ல ஒரு தீர்ப்பு வந்துச்சு, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு.

அதுக்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்க. மத்தியானம் அளம் விட்டதும் காலெல்லாம் உப்புப் பூத்துக்கிட்டே வந்து வரிசையா உக்காந்துருவாவ. பேச்சி என்ன நறுக்குதா, எத்தனை தட்டு கழுவுதா, பதினாலு தட்டுன்னா வீட்ல பதினாலு உருப்படியா இருக்கும், இல்ல விருந்தாளியோ, அந்த வெங்காயத்தைப் பாரேன் தேங்காத் தண்டி, தெனமும் ஆட்டுக்கறி திங்கிறானுவ, வயிறு என்னத்துக்கு ஆகும், இப்படியே போகும். அந்த வீட்டு எசமானி அப்பப்போ வந்து நிப்பா, கண்ணாடி போட்டவ, அவளுக்கு கண்ணாடிக்காரின்னு பேரு வச்சாச்சு. கண்ணாடிக்காரி கையை ஆட்டினா இங்க இருபது பேருக்கு மூஞ்சி சுருங்கும். பேச்சி உலையில அரிசி போட்டா இங்க மணி ஒன்னரை, லைன்ல கடிகாரத்தைப் பாக்குதையே விட்டுட்டாவ. ரெண்டு பேர் அவ செய்யுததைப் பாத்தே கறிச்சோறு ஒன்னு கத்துக்கிட்டு கோயில் கொடைக்கு வச்சாவ, நல்லாத்தான் இருந்துச்சு. ஒருத்தி டிவிக்கு மஞ்சள் குங்குமம் வைக்கவந்து, எம்மவ உசுரோட இருக்காட்டின்னு மயினிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டா.

கனகவேலும் வந்தான். வந்து பாத்தான், முதல்ல மூஞ்சி செத்துப்போச்சு, பிறகு டைல்ஸைப் பாத்தான், ஃபிரிட்ஜைப் பாத்தான், மறுவாரம் ஒரு வேன் வச்சு பக்கத்து ஊர்லேர்ந்து ஒம்பது பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்து அந்த டிவி முன்னால நிறுத்தி, எப்பேர்ப்பட்ட கிச்சன்னு நீங்களே பாருங்க, நான் வாயால சொன்னா நம்பமாட்டீங்கன்னு சொன்னான். மயினி அவங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்தா. அந்த ஒம்பதுல அஞ்சு பேரு இப்ப அங்கதான் இருக்காவ, எந்த அடுப்படியில இருக்காவளோ, அவங்க வீட்ல டிவியெல்லாம் நல்லாத்தான் ஓடுது.

ஆனி பாதியிலதான் ஒவ்வொன்னா கண்ணுல பட ஆரம்பிச்சுச்சு. பேச்சி அந்த அடுப்படியை விட்டு வெளியே போறதேயில்ல. மேடைக்கு அடியில சுருட்டி வச்சிருக்கிற பாய் அவளோடதுதான். கதவுல இந்தப் பக்கம் தாப்பா கிடையாது, கண்ணாடிக்காரி போனதும் கதவு ஒரு தடவை அதிரும், அது அந்தப் பக்கம் பூட்டுதது. பதினாலு தட்டுல மிஞ்சினதைக் கழுவுததுக்கு முன்னால நின்னுக்கிட்டே திங்கா. ஒருநாள் முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் துணி சுத்தியிருந்துச்சு, மறுநாள் துணியை அவுத்தா, தோலு வழண்டு கிடந்துச்சு. இஸ்திரிப் பெட்டி மூக்கு மாதிரி முக்கோணமா இருந்துச்சு அந்தப் புண்ணு. ராசகனி எந்திரிச்சுப் போயி வாசல்ல வாந்தி எடுத்தா.

கனகவேல்கிட்ட போனோம். எண்ணெய் தெறிச்சிருக்கும்னான். ரெண்டு வருச ஒப்பந்தம், பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கு, என்கிட்ட காப்பிகூடக் கிடையாதுன்னான். கடைசியா சொன்னான் பாருங்க, அந்த வார்த்தைக்கு அவனை அளத்துப் பாத்தியில அமுக்கியிருக்கணும். "யக்கா, அது பழுதான டிவி. பழுதான டிவியில தெரியுததை வச்சு ஒரு நல்ல குடும்பத்துமேல பழி போடலாமா?" வேன்ல ஆள் கொண்டாந்து காட்டும்போது அது பழுதாத் தெரியல அவனுக்கு.

மயினி என் கடைக்கு வந்தா. எம்மவளை மீட்டுக்குடு புஷ்பம், உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமேன்னு சொன்னா. அரசாங்கத்து மனுத் தளத்தைத் திறந்தேன். வெளிநாட்டில் சிக்கியவர்னு ஒரு பிரிவு இருக்கு, அதைத் தொட்டதும் பாஸ்போர்ட் எண்ணுன்னு ஒரு கட்டம் வந்து நிக்குது, பக்கத்துல சிவப்பு நட்சத்திரம், நிரப்பாம நகராது. ஒரு எழுத்து, ஏழு எண். எங்ககிட்ட இல்ல. மயினியைக் கேட்டேன், அவளுக்கு என்ன தெரியும், எல்லாத்தையும் ஏஜெண்ட் வாங்கிட்டுப் போயிட்டான். பொய்யா ஒன்னு போடலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன், சத்தியமா நெனச்சேன். ஆனா நான்தான் கட்டத்துல பொய் போடாதவளாச்சே. அதனால என்னை மாதிரி கடை வச்சிருக்கிற எல்லாரும் செய்யுததைச் செஞ்சேன். ஒரு பிரிவு எடுக்கலன்னா எடுக்குத பிரிவுல ஏத்திவிடுதது. எப்படியாவது உள்ள போயிட்டாப் போதும், உள்ள யாராவது மனுசங்க இருப்பாங்க, படிப்பாங்க, அனுப்பவேண்டிய மேசைக்கு அனுப்புவாங்கன்னு ஒரு நம்பிக்கை. வீட்டு உபயோகப் பொருள் பழுதுன்னு ஒரு பிரிவு இருந்துச்சு, அதுல ஏத்தினேன். டிவி பில் நம்பர் கேட்டுச்சு, அது மயினிகிட்ட இருந்துச்சு, பத்திரமா வச்சிருந்தா. போன் நம்பர் என்னோடதைக் குடுத்தேன். பொருள்ங்கிற எடத்துல ஒரு வரிதான் போடலாம். பழுதான டிவியில் தெரியும் என் மகளை மீட்டுத் தரக் கோருதல். பச்சை டிக் வந்துச்சு. எடுத்துக்கிச்சு மயினின்னேன். அந்தக் கம்ப்யூட்டரைக் கையெடுத்துக் கும்பிட்டா.

பின்னால விசாரிக்க வந்தா பாஸ்போர்ட் நம்பர் கேப்பாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லி வச்சேன். அன்னிக்கே போயி அவ டிவி முன்னால நின்னு, ஏட்டி பேச்சி, நம்பர் வேணுமாம்ட்டி, நம்பரைச் சொல்லுட்டின்னு கத்தியிருக்கா. தெனமும் கத்துனா. பேச்சி பாட்டுக்கு வெங்காயம் உரிச்சா.

ஆடி போச்சு. லைன்ல கூட்டம் குறைஞ்சு போச்சு. சனங்களைக் குத்தம் சொல்லக்கூடாதும்பாங்க, நான் சொல்லுதேன். பாக்கச் சங்கடமா இருக்குன்னாவ, பிள்ளைங்க பயப்படுதுன்னாவ, பிறகு மெல்ல, ஒரு நாளைக்கு எத்தனை நேரந்தான் அதையே பாக்குததுன்னாவ. சீரியல்ல அந்த மருமவ விசம் குடிச்சாளா இல்லையான்னு தெரியாம ரெண்டு மாசமாச்சுன்னு ஒருத்தி என் கடையில வந்தே புலம்புனா. மயினி வீட்டுக்கு எதாவது சோலியா வந்தா, அத்தை, அதைக் கொஞ்சம் சுவத்தப் பாத்துத் திருப்பி வைங்களேன்பாவ. அவளும் திருப்புவா. பெத்த பிள்ளையைச் சுவத்தப் பாத்துத் திருப்பி வச்சுட்டு வந்தவளுக்குத் தண்ணி மோந்து குடுப்பா.

ஆவணி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை, பேச்சி மேடையில கோதுமை மாவைக் கொட்டிப் பரத்தினா, பிசையல. நிமிந்து நேரா இந்தப் பக்கம் பாத்தா. பிறகு விரலால மாவுல ஒரு எழுத்து எழுதினா, மூச்சு விடுத நேரம் நிறுத்தினா, அழிச்சுட்டுப் பிசைய ஆரம்பிச்சுட்டா. மயினிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா கோலம் போடத் தெரியும்லா, அந்த எழுத்து போன போக்குலயே தரையில கோலப்பொடியால இழுத்து வச்சுட்டு என்னைக் கூப்பிட்டுவிட்டா. மறுநாள் மாவு, ஒரு ரெண்டு. அடுத்த நாள் ஏழு. அடுத்த நாளும் ஏழு. கண்ணாடிக்காரி எந்நேரமும் வருவா, அதனால ஒரு நாளைக்கு ஒன்னுதான். பிறகு நாலு, பிறகு ஒன்னு. தரையில அந்த ஆறையும் யாரும் மிதிக்காம மயினி நாலு செங்கல்லை வச்சுச் சுத்திவச்சா. பாஸ்போர்ட் நம்பருக்கு இன்னும் ரெண்டுதான் மயினி, ரெண்டே நாளு, சரியான பிரிவுலயே ஏத்திருவோம்னு சொன்னேன். எனக்கு அன்னிக்குப் பூரா கடையில வேலையே ஓடல, சிரிச்சுக்கிட்டே இருந்தேன்.

ஏழாம் நாள், காலையில பத்து மணிக்கு, ராசகனி போன் போட்டா. அவ இப்படிப் பேசி நான் கேட்டதில்ல, அழுகையும் சிரிப்புமா. "பெரியம்மா, கவர்மெண்ட்ல ஆள் வந்தாச்சு! பேச்சியை மீட்டுக்கிட்டிருக்காவ. நாப்பது சதவீதம் வந்துட்டா!"

எனக்கு ஒரு நிமிசம் புரியல. புரிஞ்சதும் கடையை அப்படியே போட்டுட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். நடந்தது என்னன்னா, டிவி கம்பெனியிலேர்ந்து ஒரு டெக்னீசியன், நல்ல பிள்ளை, ஞானராஜ்னு பேரு, பையைத் தூக்கிட்டு வந்திருக்கான். சந்தனமாரி வீடு எது, மனு போட்டிருந்தீங்கள்ல, மேல இருந்து அனுப்பியிருக்காங்க, மீட்டுக் குடுக்கணும்னு எழுதியிருக்குன்னு தாளைக் காட்டியிருக்கான். மயினி அளத்துல. ராசகனிதான் சாவியை எடுத்துத் திறந்துவிட்டா. அவன் டிவியை ஒருக்கா அணைச்சான், பின்னால ஒரு பென் டிரைவைச் சொருகினான், அடியில இருக்கிற பொத்தானை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே சுவிட்சைப் போட்டான். கறுப்புல ஒரு வெள்ளைக் கோடு வந்துச்சு, சதவீதம் ஓட ஆரம்பிச்சுச்சு. இருபது நிமிசம், நடுவுல கரண்ட் மட்டும் போயிரக்கூடாதுன்னான். அவ்வளவுதான், லைனே எந்திரிச்சு நின்னுச்சு. இருபத்தோரு வீட்லயும் மோட்டார், மிக்ஸி, காத்தாடி, எல்லாத்தையும் அணைச்சுட்டாவ. டிரான்ஸ்பார்மர்கிட்ட ரெண்டு பேரு காவலுக்கு ஓடினாவ. மீதிப் பேரு வாசல்ல நின்னு, அம்பத்தி ரெண்டு, அம்பத்தி மூணுன்னு சத்தமா எண்ணுதாவ. சீரியல் கேட்டு அழுதவளும் எண்ணுதா. ஒரு நாளும் இல்லாத ஒத்துமை அன்னிக்கு அங்க இருந்துச்சு.

நான் போயி நிக்கும்போது எழுவத்தொம்பது. நேரா போயி சுவிட்சுல கையை வச்சேன். ஞானராஜ் பாய்ஞ்சு வந்து என் கையைப் பிடிச்சான். "அக்கா, இப்ப அணைச்சீங்கன்னா போர்டே செத்துரும். பிறகு அதுல எதுவுமே வராது, எப்பவுமே."

அதுல எங்க பேச்சி இருந்தாளே தம்பின்னேன். அவனுக்கு என்ன தெரியும், பழசெல்லாம் அழிஞ்சு புதுசா ஏறிரும் அக்கா, இனிமே பிரச்சனையே வராதுன்னான். எண்பத்தி நாலு. சுவிட்சுல கை இருக்கு. அணைச்சா அவ கண்டிப்பா இல்ல. விட்டா ஒருவேளை, ஒருவேளை நல்ல டிவியிலயும் தெரிவாளோ, சத்தத்தோட தெரிவாளோ, அவளே வாயால அந்த ரெண்டு நம்பரையும் சொல்லிருவாளோன்னு என் புத்தி போச்சு. வாசல்ல அத்தனை சனமும் என்னையே பாக்குது, பேச்சியை வரவிடமாட்டேங்கிறாளேன்னு பாக்குது. நான் கையை எடுத்துட்டேன். எதுக்கு எடுத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் என்னை நானே கேட்டுக்கிட்டிருக்கேன்.

நூறு ஆச்சு. கம்பெனிக்காரன் பேரு வந்துச்சு, பாட்டோட வந்துச்சு, அணையல. படம் பளிச்சுன்னு வந்துச்சு, சோப்பு விளம்பரம், ஒரு பொம்பளை பாத்திரம் கழுவிக்கிட்டே சிரிக்கா. எல்லாரும் ஒரு நொடி அவ மூஞ்சையே உத்துப் பாத்தாவ.

யாரோ போயிச் சொல்லி மயினி ஓடிவந்தா, கையில வாருபலகையோட, முட்டி வரைக்கும் உப்போட. டிவி சத்தம் வாசலுக்கே கேட்டதும், சத்தமும் வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே உள்ள வந்தா. ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு சேனலா மாத்தினா. செய்தி, சமையல், சாமி, கிரிக்கெட்டு. முந்நூத்திச் சொச்சம் சேனலையும் நின்னுக்கிட்டே மாத்தினா, முடிஞ்சதும் மறுபடி ஒன்னுலேர்ந்து ஆரம்பிச்சா. வாசல்ல கூட்டம் ஒவ்வொருத்தரா கலைஞ்சுச்சு. மிக்ஸி ஓடுத சத்தம் கேட்டுச்சு.

ஞானராஜ் தயங்கித் தயங்கி என்கிட்ட வந்தான். உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைச் சொன்னாத்தான் வேலையை முடிச்சதாக் காட்டும், இல்லன்னா என்னைக் கேப்பாங்கன்னான். சொல்லமாட்டேன்னு நின்னேன். மயினிதான் டிவியிலேர்ந்து கண்ணை எடுக்காம, குடுத்துரு புஷ்பம், அதுவும் எவளோ பெத்த பிள்ளைதானேன்னா. குடுத்தேன். அவன் படியிறங்குததுக்குள்ள அரசாங்கத்துலேர்ந்து குறுஞ்செய்தி வந்துருச்சு. தங்கள் மனு ஏற்கப்பட்டு மீட்டுத் தரப்பட்டது, நன்றி.

அன்னிக்குச் சாயங்காலம் பாதி லைன் மயினி வீட்ல இருந்துச்சு. அந்த மருமவ விசம் குடிக்கலியாம்.

மறுநாள் காலையில மயினி அளத்துக்குப் போகல, என் கடைக்கு வந்து பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்தா. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். ஒரு எழுத்தும் அஞ்சு எண்ணும் கையில இருக்கு. கடைசி ரெண்டுதான் இல்ல. பூஜ்யம் பூஜ்யத்துலேர்ந்து தொண்ணூத்தொம்பது வரைக்கும் நூறு தடவை போட்டுப் பாப்போம், தப்பான தொண்ணூத்தொம்பதுக்கும் சிவப்பு வரும், சரியானதுக்குப் பச்சை வரும். வெளிநாட்டில் சிக்கியவர் பிரிவைத் திறந்தேன். எழுத்து, ரெண்டு, ஏழு, ஏழு, நாலு, ஒன்னு, பூஜ்யம், பூஜ்யம். அமுக்கினேன்.

பச்சை டிக்.

முதல் தடவையிலயேவான்னு ஸ்க்ரீனை உத்துப் பாத்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு மனு திறந்து கடைசியில பூஜ்யம் ஒன்னு போட்டேன். பச்சை. பூஜ்யம் ரெண்டு. பச்சை. பிறகு வாயில வந்த ஒரு எழுத்தைப் போட்டு, அதுக்குப் பின்னால ஏழும் பூஜ்யமாவே போட்டேன். அதுக்கும் பச்சை. கட்டம் எட்டும் நிரம்பியிருக்கான்னுதான் அது பாக்குது, வேற ஒன்னையும் பாக்கல. ஆனியிலயே, அந்த முதல் நாளே, ஏழு பூஜ்யத்தைப் போட்டிருந்தா மனு நேரா போகவேண்டிய மேசைக்குப் போயிருக்கும், டிவி பழுதாவே இருந்திருக்கும், அவ தெரிஞ்சுக்கிட்டே இருந்திருப்பா. ஒரு பொய் நம்பர் போடமாட்டேன்னு நின்ன என் யோக்கியதை அவளை மூடிப் போட்டுருச்சு.

எடுத்துக்கிச்சா புஷ்பம்னு மயினி கேட்டா.

எடுத்துக்கிச்சு மயினின்னேன்.

மயினி கண்ணை மூடித் திறந்தா, இத்தனை மாசத்துல முதல் தடவையா மூஞ்சி தெளிஞ்சுச்சு. "எடுக்காம எப்படி இருக்கும்? அவ கைப்பட எழுதிக் குடுத்த நம்பருல்லா."